பழைய எஸ்யூவி: காடு மேடு, மூட்டை முடிச்சு, ஓட்டும் சுகம் மூன்றுக்கும் எது ஒத்துவரும்?

பழைய எஸ்யூவி தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஆசைகளை ஒரே மூச்சில் சொல்வார்கள். வாரக் கடைசியில் மலைப்பாதை, ஆற்றங்கரை என்று போய்வர வேண்டும். சைக்கிள், கூடாரம், கயாக் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் இறங்க மனம் வரக் கூடாது. மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் ஒரே வண்டிக்குள் இவை ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. கரடுமுரடான பாதைக்காக வண்டியை உயர்த்தினால் வளைவில் சாய்கிறது. சுமைக்காகச் சட்டகத்தைக் கனமாக்கினால் சுறுசுறுப்பு குறைகிறது. அழகுக்காகப் பின்கண்ணாடியைச் சரித்தால் சைக்கிள் உள்ளே போக மறுக்கிறது.

எனவே எதை விட்டுக்கொடுப்பது என்பதை வண்டி பார்க்கக் கிளம்பும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். விற்பவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைத் தீர்மானித்தால் வண்டியின் நிறமும் பளபளப்பும்தான் தீர்மானிக்கும். என் கருத்தில் இந்தத் தேர்வைப் பாதிக்கும் மேல் முடித்துவைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: தார்ச்சாலை முடிந்த பிறகு வரும் அந்தச் சில கிலோமீட்டர் எப்படிப்பட்டது?

கடைசிச் சில கிலோமீட்டர்

கடந்த ஓராண்டில் மலையேறவோ முகாமிடவோ போய்வந்த இடங்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வண்டி நிறுத்திய இடத்தில் சாதாரணக் கார்களும் நின்றிருந்தனவா? நின்றிருந்தால் உங்களுக்கு லோ ரேஞ்ச், அதாவது சக்கரங்களை மெதுவாகவும் கூடுதல் பலத்தோடும் சுற்றவைக்கும் தனிக் கியர், தேவையில்லை. சரளைக்கல், மழைநீர் அரித்த தடம், ஈரப் புல்வெளி, மெல்லிய சேறு ஆகியவற்றை 190 முதல் 220 மி.மீ. வரை கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), ஆல் வீல் டிரைவ், நல்ல டயர் ஆகிய மூன்றும் சேர்ந்து சமாளித்துவிடும்.

தலையளவு பாறைகள் கிடக்கும் ஏற்றம், உதிரி மண்ணில் செங்குத்தான இறக்கம், ஆழ்ந்த மணல், ஓடையைக் கடக்கும் பாதை என்று போகிறவர்களின் கணக்கு வேறு. அங்கே லோ ரேஞ்ச் அவசியம். ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஃபோர்ரன்னரில் லோ ரேஞ்ச் விகிதம் 2.566. அதாவது எஞ்சின் அதே வேகத்தில் சுழலும்போது சக்கரங்கள் இரண்டரை மடங்கு மெதுவாகவும், கிட்டத்தட்ட அதே மடங்கு கூடுதல் இழுவிசையோடும் சுற்றும். பிரேக்கைத் தொடாமலே ஓர் இறக்கத்தை நடைவேகத்தில் இறங்க முடிவது இதனால்தான். எவ்வளவு கெட்டிக்கார எலக்ட்ரானிக்ஸ் இருந்தாலும் சாலை எஸ்யூவியால் இதை முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

இதற்கு ஒவ்வொரு நாளும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. லேடர் ஃப்ரேம் வண்டியில் இரும்புச் சட்டகம் தனி, அதன்மேல் உட்காரும் பாடி தனி. மோனோகாக் வண்டியில் பாடியே சட்டகம். ஃபோர்ரன்னரின் நான்கு சக்கர இயக்க வகை 2,100 கிலோவை ஒட்டி வரும். இரண்டாம் தலைமுறை மாஸ்டா சிஎக்ஸ்-5 சுமார் 1,650 கிலோ. அந்த நானூற்றைம்பது கிலோவை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் உணர்வீர்கள். பெட்ரோல் நிரப்பும்போதும் தெரியும்: ஃபோர்ரன்னர் லிட்டருக்கு 7 முதல் 8 கி.மீ. கொடுத்தாலே மகிழலாம், டர்போ இல்லாத 2.5 லிட்டர் சிஎக்ஸ்-5 பத்தைத் தாண்டிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது எந்த வகை என்று கேளுங்கள். பார்ட் டைம் வகையில் நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃப்ரென்ஷியல் இல்லாததால், வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் உருளும்போது இயக்கத் தொடர் இறுகிக்கொள்ளும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் மழைநாள் மலைச்சாலையில், அந்த ‘நான்கு சக்கர’ வண்டியைப் பின் சக்கர வண்டியாகவே பெரும்பாலும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபோர்ரன்னரில் எஸ்ஆர்5 வகை இப்படித்தான். அதே ஃபோர்ரன்னரின் லிமிடெட் வகையிலும் லெக்சஸ் ஜிஎக்ஸ் 470-லும் நடுவே டார்சன் டிஃப்ரென்ஷியல் இருக்கிறது. எல்லாச் சாலையிலும் எந்நேரமும் நான்கு சக்கரங்களும் இயங்கும். வெளித்தோற்றத்தில் இரட்டையர் போன்ற இரண்டு வண்டிகளுக்குள் இவ்வளவு வேறுபாடு.

மூட்டை முடிச்சு

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. சைக்கிளுக்கு லிட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது திறப்பின் அகலம், தரையின் நீளம், கூரை எந்த இடத்தில் சரியத் தொடங்குகிறது என்பது மட்டும்தான். வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு போங்கள். பின் இருக்கைகளை மடக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, சங்கிலி மேல்பக்கம் இருக்கும்படி படுக்க வைத்துத் தள்ளுங்கள். ஹேண்டில்பார் பக்கத் தூணின் பிளாஸ்டிக்கில் உரசும் இடம், பெடல் தரைவிரிப்பில் குத்தும் இடம், கதவை மூடும்போது பின் சக்கரம் கண்ணாடியைத் தொடுகிறதா என்பது எல்லாம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டிக்குள்ளேயே தூங்குகிற பழக்கம் இருந்தால் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். முன் இருக்கையை எவ்வளவு முன்னே தள்ள வேண்டியிருக்கிறது, மடக்கிய இருக்கை சமதளமாக இருக்கிறதா, தலைப்பக்கம் சரிகிறதா என்பதை எந்த விவரப் பட்டியலும் சொல்லாது. விற்பவர் வியப்பாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

கூரையில் ஏற்றுகிறவர்கள் உயரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறை சிஎக்ஸ்-5-இன் கூரை சுமார் 1.68 மீட்டர், ஃபோர்ரன்னருடையது சுமார் 1.82 மீட்டர். பதினான்கு சென்டிமீட்டர் தாளில் அற்பமாகத் தெரியும். நாள் முழுதும் துடுப்பு வலித்துக் களைத்த தோளால், 25 கிலோ கயாக்கை ஈரக் கையோடு தலைக்கு மேலே தூக்கும்போது அது அற்பம் அல்ல. தனியாகவே கயாக் ஏற்றி இறக்குகிறவருக்கு எஸ்யூவியைவிட சுபாரு அவுட்பேக் போன்ற உயர்த்திய ஸ்டேஷன் வேகன் ஒத்துவரும். கூரைக்கு விதித்த எடை வரம்பு பெரும்பாலான வண்டிகளில் ஓடும்போது 75 முதல் 100 கிலோதான் என்பதையும், குறுக்குக் கம்பிகளின் எடையும் அதில் அடக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் கவனிக்கத் தவறும் எண், வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் அது இருக்கும். நடுத்தர எஸ்யூவிகள் பலவற்றில் இது 400 முதல் 500 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு பெரியவர்கள் ஏறினாலே 300 கிலோ. பின்னால் இழுவைக் கொக்கியில் மாட்டும் சைக்கிள் தாங்கியான ஹிட்ச் ரேக், அதில் 25 கிலோ எடையுள்ள இரண்டு மின்சைக்கிள்கள், கூரையில் நிரம்பிய பெட்டி, தண்ணீர், கூடாரம் என்று கூட்டிப் பாருங்கள், வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். டிரெய்லர் இழுத்தால் அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்தும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். இழுவை வரம்பு ஒரே வண்டிக்கே நாட்டுக்கு நாடு மாறுகிறது. சிஎக்ஸ்-5-க்கு அமெரிக்காவில் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ என்றிருக்க, ஐரோப்பாவில் அதைப்போல் இரு மடங்கு வரை அனுமதிக்கிறார்கள். உங்கள் நாட்டுக் கையேடு சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. காப்பீட்டுக்காரரும் அதைத்தான் பார்ப்பார்.

நடுவழியில் நிற்கும் மூன்று

சாதாரணக் கார்கள் போகும் இடம் வரைதான் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் தேர்வு சுகமானது. அந்த வட்டத்தில் மூன்று வண்டிகளை முதலில் பார்க்கச் சொல்வேன்.

சுபாரு ஃபாரஸ்டர் எக்ஸ்டி இந்தக் கேள்விக்கென்றே செய்தது போன்ற வண்டி. 2014 முதல் 2018 வரையான நான்காம் தலைமுறையில் 2 லிட்டர் டர்போ எஞ்சின், 250 குதிரைத்திறன், 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், சதுரமான பெரிய பின் திறப்பு, நாலாபக்கமும் தெரியும் அகலமான கண்ணாடிகள். பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் எடை தாழ்வாக அமைகிறது. உயரமான வண்டியாக இருந்தும் வளைவில் அமைதியாகத் திரும்புவதில் அதற்கும் பங்கு உண்டு. எக்ஸ்-மோட் பொத்தானை அழுத்தினால் சேற்றிலும் இறக்கத்திலும் பிரேக்கையும் த்ராட்டிலையும் வண்டியே அளந்து பார்த்துக்கொள்கிறது. குறை என்றால் தனித்தனி கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி கியர்பாக்ஸ். எஸ் ஷார்ப் என்ற முறையில் எட்டு கியர் இருப்பது போல அது நடந்துகொள்ளும். ஆனால் கியர் மாறும் அந்த உணர்வைத் தேடுகிறவருக்கு அது போதாது. இந்தக் காலத்து சிவிடிகளுக்கு சுபாருவே உத்தரவாதத்தை நீட்டித்தது என்பதையும் நினைவில் வைத்து, மெதுவாக நகரும்போது அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முந்தைய மூன்றாம் தலைமுறை எக்ஸ்டியில் 2.5 லிட்டர் டர்போ, 224 குதிரைத்திறன். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் இந்த எஞ்சினில் இருக்கிறது, சுமார் 1.68 லட்சம் கி.மீட்டருக்குள் மாற்ற வேண்டும். டர்போவுக்கு எண்ணெய் போகும் போல்ட்டில் இருக்கும் சிறு வலை அடைத்துக்கொண்டால் டர்போ எண்ணெய்க்கு ஏங்கிச் செத்துப்போகும். எனவே எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுகள் இல்லாத பழைய எக்ஸ்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். டர்போ இல்லாத பழைய 2.5 எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட்டின் கசிவு பெயர்போன கோளாறு. 2011 மாடலிலிருந்து வந்த, பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சினில் அந்தத் தொல்லை அடங்கியது. ஆனால் அதன் தொடக்க ஆண்டு வண்டிகளில் சில எண்ணெயைக் குடித்தன. கிளட்சும் கியரும் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு 2004 முதல் 2008 வரையான இரண்டாம் தலைமுறை எக்ஸ்டி மேனுவல் கிடைத்தால் அது பொக்கிஷம். வயது மட்டும்தான் தடை.

மாஸ்டா சிஎக்ஸ்-5 இந்த மூன்றில் ஸ்டீயரிங் சுகத்துக்குப் பெயர் வாங்கியது. சக்கரம் திரும்பும் அளவு, உடல் சாயும் அளவு, பிரேக் பிடிக்கும் அளவு மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்து வருகின்றன. சிவிடி இல்லாமல் 6 கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார்கள். அதுவே பெரிய ஆறுதல். முதல் தலைமுறையில் ஆரம்பத்தில் வந்த 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமையோடு மலையேறும்போது மூச்சு வாங்கும். 2014 மாடலில் வந்த 2.5 லிட்டரைத் தேடுங்கள். 2019 மாடலிலிருந்து கிடைக்கும் 2.5 டர்போ 420 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது; முழுச் சுமையோடு மேடேறும்போதுதான் அதன் அருமை தெரியும். டர்போ எஞ்சின்களில் சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவதாகப் புகார் உண்டு. எக்ஸாஸ்ட் பக்கம் காய்ந்த கூலன்ட் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிளியரன்ஸ் ஃபாரஸ்டரைவிடக் குறைவு, பின்கண்ணாடி சரிவு அதிகம். சாமான் குறைவாகவும் வளைவுகள் அதிகமாகவும் இருக்கும் வாழ்க்கைக்கு இது ஏற்றது.

மூன்றாவது, பலர் மறந்துபோன டொயோட்டா ரேவ்4 வி6. 2006 முதல் 2012 வரை சில நாடுகளில் மட்டும் விற்றது. 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 269 குதிரைத்திறன். பார்வைக்குக் குடும்ப வண்டி. கால் அழுத்தினால் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றோடு சேர்ந்து ஓடும். வட அமெரிக்காவில் சுமார் 1,590 கிலோ வரை இழுக்க அனுமதி. டர்போவும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை. நேர்வேகத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி ஸ்டீயரிங்கில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாலையின் தகவல் கைக்கு வந்துசேர்வதில்லை. ஆல் வீல் டிரைவ் தேவைப்படும்போது மட்டும் பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் வகை; லாக் பொத்தான் 40 கி.மீ. வேகம் வரை வேலை செய்யும். பின்கதவு பக்கவாட்டில் திறக்கிறது. மழையில் அதன் கீழே நின்று காலணி மாற்ற முடியாது. ஸ்டெப்னி கதவிலேயே தொங்குவதால் சைக்கிள் ரேக் தேர்விலும் கட்டுப்பாடு வரும். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் எஞ்சின் எண்ணெய்க் குழாயின் ரப்பர் பகுதி வெடித்த கோளாறுக்கும், பின் சஸ்பென்ஷன் கைகளுக்கும் நிறுவனம் அறிவித்த திருத்தங்கள் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று சேஸி எண்ணை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்றுதான் என்றால் நான் நான்காம் தலைமுறை ஃபாரஸ்டர் எக்ஸ்டியை எடுப்பேன். சிஎக்ஸ்-5 அளவுக்கு வளையாது, ரேவ்4 அளவுக்குப் பொறுமைசாலியும் அல்ல. ஆனால் மூன்று ஆசைகளில் எதையும் முற்றாகக் கைவிடாத வண்டி அது ஒன்றுதான்.

சட்டகத்தின்மேல் நிற்பவை

லோ ரேஞ்ச் உண்மையாகவே வேண்டும் என்றால் ஃபோர்ரன்னரும் ஜிஎக்ஸ் 470-ம் முன்னே நிற்கின்றன. ஃபோர்ரன்னரின் 4 லிட்டர் வி6 எஞ்சினுக்கு டைமிங் செயின். 2010-இலிருந்து 270 குதிரைத்திறன், சுமார் 2,270 கிலோ இழுவை. இந்த எஞ்சினின் ஆயுளைப் பற்றி நல்ல பெயர் உண்டு. அதனாலேயே பழைய வண்டிகளின் விலை இறங்க மறுக்கிறது. பின்கதவுக் கண்ணாடி மட்டும் தனியாகக் கீழே இறங்குவது கேட்கச் சின்ன வசதி. ஆனால் நீளமான துடுப்புகளையும் மீன்பிடித் தண்டுகளையும் நீட்டிவைத்துப் பழகியவர் அதை விட்டு இன்னொரு வண்டிக்கு மாற மாட்டார்.

ஜிஎக்ஸ் 470-இல் 4.7 லிட்டர் வி8. பட்டுப் போன்ற எஞ்சின், ஆனால் டைமிங் பெல்ட் உண்டு, சுமார் 1.45 லட்சம் கி.மீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சில வண்டிகளில் கேடிஎஸ்எஸ் என்ற ஹைட்ராலிக் ஏற்பாடு இருக்கும்: சாலையில் வளைவுச் சாய்வைக் கட்டுப்படுத்தும், கரடான நிலத்தில் சக்கரங்களை அவற்றின் போக்கில் ஏறி இறங்க விடும். லேடர் ஃப்ரேம் வண்டியில் ஓட்டும் சுகத்தைத் தேடுகிறவர் இந்த ஏற்பாடு உள்ள வண்டிக்காகக் காத்திருக்கலாம். பின்பக்கக் காற்று சஸ்பென்ஷன் வயதானால் கசியும். இரவு நிறுத்திய வண்டி காலையில் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். சாதாரண ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டிலும் பயப்பட வேண்டியது துருவுக்குத்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களிலும் கடலோரத்திலும் ஓடிய சட்டகங்கள் உள்ளிருந்து அரிக்கும். மேலே பூசிய புதுக் கறுப்பு வண்ணம் எனக்கு நல்ல அறிகுறியாகத் தோன்றுவதில்லை.

ஜீப் ராங்ளர் தனி ரகம். கதவையும் கூரையையும் கழற்றிவிட்டு மெதுவாகப் போவதில் இருக்கும் ஆனந்தம் வேறெதிலும் இல்லை. பாறை ஏறுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் இரைச்சல், முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு அச்சு என்பதால் ஸ்டீயரிங்கில் தளர்ச்சி. தேய்ந்த புஷ்களோ பால் ஜாயிண்டுகளோ இருந்தால் ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கும். 2012-இலிருந்து வந்த 3.6 லிட்டர் எஞ்சின் 285 குதிரைத்திறன் தரும். அதற்கு முந்தைய 3.8 எஞ்சினை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிசான் எக்ஸ்டெர்ராவையோ அதே காலத்துப் பாத்ஃபைண்டரையோ பார்க்கிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: 2005 முதல் 2010 வரையான வண்டிகளில் ரேடியேட்டருக்குள் விரிசல் விட்டு கூலன்ட் கியர்பாக்ஸ் எண்ணெயில் கலக்கும், ரேடியேட்டர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சுசூகி ஜிம்னி அருமையான சின்ன வண்டி, ஆனால் நான்காம் தலைமுறையில் பின் இருக்கையை நிமிர்த்தினால் டிக்கி 85 லிட்டர்தான். இருவருக்கு மேல் போகிறவர்களுக்கு இல்லை.

ஜெர்மானிய ஆசை

ஓட்டும் சுகம்தான் முதலிடம் என்றால் 2011 முதல் 2017 வரையான பிஎம்டபிள்யூ எக்ஸ்3 மனத்தைக் கவரும். ஆறு சிலிண்டர் 35ஐ வகையில் சுமார் 300 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக், பின் சக்கரங்களுக்குக் கூடுதலாகப் பிரியும் சக்தி. அதே உடலில் வரும் 28ஐ வகையின் நான்கு சிலிண்டர் எஞ்சினில், 2015 தொடக்கம் வரை வந்தவற்றில், டைமிங் செயினின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைந்து எஞ்சினையே பலிவாங்கியிருக்கின்றன. ஆகவே 35ஐ தான். காட்டுக்குப் போகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: இந்த வண்டிகளில் பெரும்பாலும் காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயர்தான், ஸ்டெப்னி கிடையாது. கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டால், போனில் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பீர்கள்.

முதல் தலைமுறை போர்ஷே கயெனில் லோ ரேஞ்சும் உண்டு, வி8 வகைகளில் 3,500 கிலோ இழுவையும் உண்டு. மூன்று ஆசைகளையும் ஒருசேர நிறைவேற்றும் வண்டி என்று தாளில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப வி8-களில் எஞ்சினின் நடுவே போகும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிக்கும், பின் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் நடுத்தண்டின் தாங்கி தேயும், சில எஞ்சின்களில் சிலிண்டர் சுவர் கீறும். வண்டியின் விலை எவ்வளவு இறங்கினாலும் உதிரிபாகத்தின் விலை புதுக் கயெனுக்கு உரியதாகவே இருக்கிறது. வாங்கும் தொகையில் பெரும்பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்கி வைக்க முடிகிறவர் மட்டும் இதன் அருகே போகலாம்.

டயர்

எந்த வண்டியை எடுத்தாலும் அதன் குணத்தை அதிகம் மாற்றப்போவது டயர்தான். கனமான ஆல் டெரெய்ன் டயர் சரளையில் நம்பிக்கை தரும். அதே டயர் தார்ச்சாலையில் ஸ்டீயரிங்கை மழுங்கடிக்கும், இரைச்சலும் எரிபொருள் செலவும் கூட்டும். சிஎக்ஸ்-5-இன் உயர்ந்த வகைகளில் 19 அங்குலச் சக்கரமும் தாழ்ந்த வகைகளில் 17 அங்குலச் சக்கரமும் வரும். கல்பாதைக்கு 17 தான் நல்லது. பக்கவாட்டுச் சுவர் உயரமாக இருப்பதால் ரிம் எளிதில் அடிபடாது. நான்கு டயர்களும் ஒரே வகையாகவும் ஒரே தேய்மானத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுபாரு வண்டிகளில் நான்கின் சுற்றளவும் 6 மி.மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு புதிது, இரண்டு பழையது என்று நீண்ட நாள் ஓடிய ஆல் வீல் டிரைவ் வண்டியில் நடுவிலுள்ள கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி இழுத்து இழுத்துப் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது

ஊர்சுற்றிய வண்டிகள் தடயங்களை விட்டுவைக்கும். சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள்; கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டெப்னி குழியில் விரிப்பைத் தூக்கி மணல் இருக்கிறதா என்று தடவுங்கள். டிஃப்ரென்ஷியல் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஓடையைக் கடந்திருக்கிறார்கள், பிறகு எண்ணெய் மாற்றவில்லை. படகு இழுத்த வண்டிகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். படகை இறக்கும்போது வண்டியின் பின்பாதி தண்ணீருக்குள் நிற்கும். கடல் நீரானால் பின் பிரேக் குழாய்களும் பின் அச்சும் முன்பக்கத்தைவிடப் பல வருடம் மூப்பாக இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் ‘துரு இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். லேடர் ஃப்ரேமைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், முக்கியமாகப் பின் சஸ்பென்ஷன் சேரும் இடங்களில். கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் நின்று நன்றாகப் பாருங்கள்.

நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில நொடிகளில் செயினின் சலசலப்பும், நீலப் புகையும், சீரற்ற துடிப்பும் வெளிப்படும். பிறகு வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகுங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் சோதனைகள் முழுமையடைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். விற்பவர் சொல்லும் காரணம் நம்பும்படி இருந்தாலும் அன்று முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி சில நாள் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அதே ஸ்கேனரோடு மறுபடி போய்ப் பாருங்கள்.